மாத்திரை போட்டும் தாத்தாவின் யானைக்கால் வீக்கம் வடியாதது ஏன்?

திருநின்றவூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் கால் தடித்துப்போன ஒருவரைப் பார்த்திருந்தால், அவர் பெரும்பாலும் வயதானவராகத்தான் இருந்திருப்பார். கொசு கடித்தது சின்ன வயதில், சுமப்பது இப்போது.

சாக்கடை, செப்டிக் டேங்க் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசுதான் இந்தப் புழுவைப் பரப்புகிறது. உடம்புக்குள் போன புழு நிணநீர் நாளங்களில் 6 முதல் 8 ஆண்டுகள் வரை வாழும். குட்டிப் புழுக்கள் ராத்திரியில்தான் ரத்தத்தில் அதிகம் சுற்றும். அதனால்தான் சுகாதாரத் துறையினர் ராத்திரி ரத்தம் எடுக்க வருகிறார்கள்.

ஆனால் பல வருஷமாகக் கால் வீங்கியவருக்கு டெஸ்ட் எடுத்தால், பெரும்பாலும் 'புழு இல்லை' என்றே வரும். புழு செத்துவிட்டது, அது கெடுத்த நாளம் சரியாகவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

அப்போ மாத்திரை எதுக்கு?

அடுத்தவருக்குப் பரவாமல் தடுக்க. தமிழ்நாட்டில் 1996-ல் கடலூர் மாவட்டத்தில், ஊர் முழுக்க ஒரே நேரத்தில் டிஇசி மாத்திரை கொடுக்கும் திட்டம் தொடங்கியது. பிறகு அல்பெண்டசோலும் சேர்ந்தது. பேரப்பிள்ளைகளைக் காப்பாற்ற அது உதவும். தாத்தாவின் காலுக்கு வேறு வைத்தியம் வேண்டும்.

நெறி கட்டி, குளிர்க்காய்ச்சல் வருகிறதா?

இதற்குக் காரணம் பெரும்பாலும் பாக்டீரியா. விரலிடுக்கில் இருக்கும் சேற்றுப்புண் வழியாக உள்ளே போகிறது. ஒவ்வொரு காய்ச்சலுக்குப் பிறகும் வீக்கம் கூடும். தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடைத்து, உட்காரும்போது காலை உயர்த்தி வைத்தாலே இது வெகுவாகக் குறையும். காய்ச்சல் நேரத்தில் பச்சிலை கட்டுவது, சூடு வைப்பது வேண்டவே வேண்டாம், டாக்டரிடம் போங்கள்.

சொல்வது சுலபம். மூட்டுவலியோடு எழுபது வயதில் குனிந்து விரலிடுக்கைத் துடைக்க முடியுமா? கண்ணும் சரியாகத் தெரியாது. சுகர் இருந்தால் புண் ஆறவும் நாளாகும். வீட்டில் யாராவது ஒருவர் தினம் பத்து நிமிஷம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும். மழைத் தண்ணீர் தேங்கும் நாட்களில் இன்னும் கவனம் தேவை.

ஆண்களுக்கு வரும் விரைவீக்கத்தை ஆபரேஷனில் சரிசெய்யலாம். வெட்கப்பட்டு மறைப்பவர்கள்தான் அதிகம்.

நான்காம் நிலை பாதிப்பு உள்ளவர்களுக்குத் தமிழக அரசு மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது. விவரத்தை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.