உங்களுக்குத் தெரியுமா? – மருத்துவக் கஞ்சா: நெடியும் பயணமும்

கனடாவில் கஞ்சாவை மருத்துவர் ஒப்புதலுடன் மருந்தாக எடுத்துக்கொள்ள 2001 முதல் சட்டத்தில் இடமுண்டு. தீராத நரம்பு வலி, கீமோதெரபிக்குப் பின் வரும் குமட்டல் என்று அவதிப்படுவோருக்கு வெளியூர் கிளம்பும்போது இரண்டு கவலைகள்: ஒன்று நெடி, இன்னொன்று சட்டம்.

● கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி.க்கு மணம் கிடையாது. மணப்பவை டெர்பீன்கள். ஆரஞ்சுத் தோலில் இருக்கும் லிமோனீனும், மிளகிலும் கிராம்பிலும் இருக்கும் காரியோபிலீனும் இதிலும் உண்டு. ஆனால் மூக்கைத் துளைக்கும் அந்த நெடிக்கு முக்கியக் காரணம் கந்தகச் சேர்மங்கள் என்று 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. வெளிச்சம் பட்டுக் கெட்ட பீரில் நாறுவதும் அதே வகைச் சேர்மம்தான். இம்மியளவு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும்.

● ஊதுவத்தியும் ஸ்பிரேயும் நெடியைப் போக்குவதில்லை, அதன் மேல் இன்னொரு வாசனையைப் பூசுகின்றன. நெடியைப் பிடித்து வைப்பது ஆக்டிவேட்டட் கார்பன். அந்தக் கரியில் ஒரே ஒரு கிராமை எடுத்து, அதன் நுண்துளைகளின் பரப்பைக் கணக்கிட்டால் 500 சதுர மீட்டரைத் தாண்டும். தேங்காய்ச் சிரட்டையிலிருந்து தயாராகும் இந்தக் கரி தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் உலகெங்கும் போகிறது. நெடியை அடக்கும் பயணப் பைகளின் உள்பக்கத்தில் இதை வைத்துத் தைக்கிறார்கள்.

● மெல்லிய பிளாஸ்டிக் பையில் டெர்பீன்கள் தங்காது, கசிந்துவிடும். ரப்பர் வளையம் போட்ட கண்ணாடி ஜாடி நல்லது. வெளிச்சம் மருந்தின் வீரியத்தைக் குறைக்கும் என்பதால் இருட்டில் வையுங்கள். பயணத்தின்போது உங்கள் பெயர் அச்சிட்ட லேபிளைக் கிழித்துவிடாதீர்கள்.

● எண்ணெய், கேப்ஸ்யூல் வடிவில் எடுத்தால் பக்கத்து அறைக்காரருக்குத் தெரியவே தெரியாது. புகைத்தால் திரைச்சீலையிலும் துணிமணியிலும் ஒட்டிக்கொள்ளும். பிரிட்டனில் 2018 நவம்பர் 1 முதல் சிறப்பு மருத்துவர்கள் கஞ்சா மருந்தை எழுதித் தரலாம். ஆனால் அதைப் புகைக்க மட்டும் அனுமதி இல்லை.

● கனடாவுக்குள்ளேயே பறக்கும் உள்நாட்டு விமானத்தில் சட்டப்படியான வயது வந்த எவரும் 30 கிராம் வரை உலர் கஞ்சா கொண்டுபோகலாம். பதிவு செய்த நோயாளிக்கு 30 நாள் மருந்து அல்லது 150 கிராம், இதில் எது குறைவோ அது கூடுதலாக உண்டு. மருத்துவ ஆவணம் கையில் இருக்க வேண்டும்.

● வேப் கருவியை செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. கைப்பையில் மட்டுமே அனுமதி. விமானத்துக்குள் பயன்படுத்தவும் தடை.

● நயாகராவில் பாலத்தைக் கடந்தால் நியூயார்க் மாநிலம். அங்கேயும் கஞ்சாவுக்கு அனுமதி உண்டுதான். ஆனாலும் எல்லையைத் தாண்டிக் கொண்டுபோவது குற்றம். கஞ்சாவிலிருந்து எடுக்கும், போதை தராத சி.பி.டி. எண்ணெய்க்கும் இதே விதி. எல்லையில் மருத்துவச் சீட்டும் செல்லாது.

● ஜெர்மனியில் வசிக்கும் நோயாளி மற்ற ஷெங்கன் நாடுகளுக்குப் போகும்போது மருத்துவர் கையெழுத்திட்டு, சுகாதாரத் துறை சான்றளித்த படிவம் ஒன்றை எடுத்துச் செல்வார். அது 30 நாள் வரை செல்லும்.

● சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை விதிக்கச் சட்டம் இருக்கிறது. அங்குள்ள சாங்கி விமான நிலையத்தில் விமானம் மாறுபவர்களும் அந்நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டவர்களே. ஜப்பானில் 2024 டிசம்பர் முதல் கஞ்சாவைப் பயன்படுத்துவதே குற்றம்.

● ஊருக்கு வரும் உறவினர்கள் கவனிக்க: இந்தியாவின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா 1 கிலோ வரை 'சிறிய அளவு'. அதற்கும் ஓராண்டு வரை கடுங்காவல் உண்டு. டொரொன்டோ மருத்துவர் தந்த சீட்டைச் சென்னை விமான நிலையத்தில் காட்டித் தப்ப முடியாது.

நெடியை அடக்குவது அக்கம்பக்கத்தாருக்கு நாம் காட்டும் மரியாதை. சட்டத்தின் கண்ணில் மண் தூவ அது உதவாது, உதவவும் கூடாது. டிக்கெட் எடுக்கும் முன்பே போகும் நாட்டின் தூதரகத்திடமும், விமானம் மாறும் நாட்டின் தூதரகத்திடமும் கேளுங்கள். அனுமதி இல்லை என்றால் மருந்தை நீங்களாக நிறுத்தாமல், மாற்று மருந்துக்கு உங்கள் மருத்துவரைப் பாருங்கள்.