முதல் ஊசிக்கு முன்: குடல் அழற்சி மருந்துகளும் நோயாளியின் உரிமையும்

உடலின் எதிர்ப்பாற்றல் தன் குடலின் மீதே திரும்பி, இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கையும் வலியையும் ஆண்டுக்கணக்கில் தரும் பெருங்குடல் புண் அழற்சியும் கிரோன் நோயும் குடல் அழற்சி நோய் என்ற பொதுப்பெயரில் அடங்கும். வெள்ளணுக்கள் அழற்சியைத் தூண்டச் சுரக்கும் புரதங்களுள் முதன்மையானது டிஎன்எஃப் ஆல்ஃபா. அதனைப் பற்றி முடக்கும் இன்ஃப்ளிக்சிமாப் என்ற உயிரியல் மருந்து 1998இல் அமெரிக்காவில் கிரோன் நோய்க்கு ஒப்புதல் பெற்றது. ஸ்டீராய்டுக்கு அடங்காத பலருக்கு இது பெரும் ஆறுதலாயிற்று.

அதே புரதத்துக்கு வேறொரு வேலையும் உண்டு. உடலுக்குள் உறங்கும் காசநோய்க் கிருமிகளைச் சுற்றி வெள்ளணுக்கள் எழுப்பும் அரண், அதாவது கிரானுலோமா, குலையாமல் நிற்க டிஎன்எஃப் ஆல்ஃபா வேண்டும். மருந்து அதை முடக்கினால் அரண் தளர்ந்து, கிருமி நுரையீரலுக்கு அப்பாலும் பரவக்கூடும். காசநோய் மிகுந்த இந்தியாவில் முதல் ஊசிக்கு முன் மார்பு எக்ஸ்ரேயும், தோலில் போடும் மாண்டூ சோதனையோ இக்ரா எனும் இரத்தச் சோதனையோ கட்டாயம் தேவை. ஏற்கெனவே ஸ்டீராய்டு உட்கொள்வோரிடம் இச்சோதனைகள் நோய் இருந்தும் இல்லையெனக் காட்டக்கூடும் என்பதால், ஒரே முடிவை நம்பி அமைதி கொள்வதற்கில்லை. போதாக்குறைக்கு, குடல் காசநோயும் கிரோன் நோயும் சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் அதே இடத்தையே பெரிதும் தாக்குவதால், திசுப் பரிசோதனையிலும் ஒன்று மற்றொன்றாக மயங்குவதுண்டு. காசநோயைக் கிரோன் எனக் கருதி எதிர்ப்பாற்றலை அடக்கினால் விளைவு கொடியது.

குடல் அழற்சிக்குத் தரப்படும், எதிர்ப்பாற்றலை அடக்கும் விலை மலிந்த அசாதயோப்ரின் மாத்திரையும் எச்சரிக்கைக்குரியதே. என்யுடிடி15 என்ற மரபணுவில் ஆசியரிடம் கூடுதலாகக் காணப்படும் மாறுபாடு உள்ளோருக்கு வெள்ளணுக்கள் திடீரெனச் சரியலாம். தொடக்க வாரங்களில் முடி கொத்தாக உதிர்ந்தால், சத்துக்குறைவு என்று எண்ணி எண்ணெய் மாற்றிக்கொண்டிராமல், உடனே மருத்துவரை அணுகி இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சிகிச்சையின் இயல்பு, அதன் இடர், மாற்று வழி ஆகியவற்றைப் போதிய அளவு விளக்கிய பின் பெறப்படுவதே ஒப்புதல் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சமிரா கோலி வழக்கில் வரையறுத்தது. அச்சிட்ட படிவத்தில் வாங்கும் கையொப்பம் மட்டும் அதற்கு ஈடாகாது. ஆகவே, வெள்ளணுக்கள் குடலுக்குள் நுழைவதை மட்டும் பெரிதும் தடுக்கும் வெடோலிசுமாப் போன்ற மாற்று தமக்குப் பொருந்துமா என்று நோயாளி கேட்கலாம். மருத்துவப் பதிவேடுகளை எழுதிக் கேட்டால், 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். பக்கவிளைவுகளை நோயாளியே 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். கட்டணம் செலுத்திப் பெற்ற சிகிச்சையில் கவனக்குறைவு நேர்ந்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் மருத்துவமனைக்கு இவ்வழி பொருந்தாது. முறையீடு எதுவாயினும் எந்த நிறுவனத்தின் மருந்து ஏற்றப்பட்டது என்ற கேள்வி எழும் என்பதால், குப்பியின் மீதுள்ள பெயரையும் தொகுதி எண்ணையும் ஒவ்வொரு முறையும் குறித்து வைப்பது நலம்.