சிறுநீரகம்: எமது உடலுக்குள் ஒரு நீர்ப்பாசனம்

குளத்து நீர் துருசு வழியே பெரிய வாய்க்காலுக்கும், அங்கிருந்து சிறு வாய்க்கால்களுக்கும், பின் வயலுக்கும் போவதை நாம் அறிவோம். மிஞ்சிய நீர் கழிவு வாய்க்காலால் வெளியேறாவிட்டால் பயிர் அழுகிவிடும் என்பதும் எமக்குத் தெரியும். எமது உடலுக்குள்ளும் இத்தகைய ஓர் ஒழுங்கு இரவு பகலாக நடைபெறுகிறது. அதை நடத்துபவை எமது இரு சிறுநீரகங்கள்.

ஊர் விட்டு ஊர் பெயர்ந்து, பழக்கமில்லாத கிணற்று நீரைக் குடித்து, வெயிலில் கூலி வேலை செய்து வாழும் குடும்பங்கள் இவற்றைப் பற்றி அறிந்திருப்பது அவசியம். சிறுநீரகம் மெல்ல மெல்லப் பழுதடையும்போது பெரும்பாலும் நோவெடுப்பதில்லை. அதனால் நாம் அறியும் முன்பே காலம் கடந்துவிடுகிறது.

பத்து இலட்சம் வடிகள்

முள்ளந்தண்டின் இரு புறமும், கீழ் விலா எலும்புகளை ஒட்டி, அவரை விதையின் வடிவில் சிறுநீரகங்கள் அமைந்துள்ளன. ஒவ்வொன்றும் மூடிய கையின் அளவே இருக்கும். ஆயினும் இதயம் வெளித்தள்ளும் குருதியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இவற்றுக்கே செல்கிறது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 இலட்சம் நுண்ணிய வடிகட்டும் அலகுகள் உள்ளன. இவற்றை நெப்ரோன் என்பர். எமது பிள்ளைகளின் பாடநூல்களில் இது சிறுநீரகத்தி எனப்படுகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்தியின் தலைப்பிலும் நூலுருண்டை போல் சுருண்ட மயிர்க்குழாய்த் தொகுதி ஒன்று உண்டு. அதுவே கலன்கோளம். கலன்கோளத்துக்குள் குருதி வரும் குழாய் அகலமானது. வெளியேறும் குழாய் ஒடுக்கமானது. எனவே உள்ளே அமுக்கம் கூடுகிறது. அந்த அமுக்கத்தால் நீரும், உப்புகளும், குளுக்கோசும், யூரியா போன்ற கழிவுகளும் வடிந்து, அதைச் சூழ்ந்துள்ள கிண்ணம் போன்ற உறைக்குள் விழுகின்றன. குருதிக் கலங்களும் புரதமும் பெரியவையாதலால் உள்ளேயே நின்றுவிடுகின்றன.

இவ்வாறு ஒரு நாளில் வடியும் நீர் சுமார் 180 லீற்றர். அதாவது 20 லீற்றர்க் கான்களில் ஒன்பது! ஆனால் நாம் கழிக்கும் சிறுநீரோ ஒன்றரை லீற்றர் அளவுதான். மீதி எங்கே போனது?

வேண்டியதைத் திரும்ப எடுத்தல்

பெருநாளுக்கு முன் வீட்டைத் துப்புரவாக்கும்போது சாமான்கள் எல்லாவற்றையும் முற்றத்தில் இறக்கி வைக்கிறோம். பின் வேண்டியதை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டு குப்பையை வெளியே விட்டுவிடுகிறோம். சிறுநீரகத்தியும் இதையே செய்கிறது.

வடிந்த நீர் ஒரு வளைந்த சிறுகுழாயினூடாக ஓடுகிறது. முதற் பகுதியிலேயே குளுக்கோசு முழுவதும், நீரிலும் உப்பிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கும் குருதிக்குத் திரும்புகின்றன. அடுத்து, கொண்டையூசி போல் வளைந்த ஹென்லேயின் தடத்தில் மேலும் நீரும் உப்பும் மீட்கப்படுகின்றன. அதன் பின்னுள்ள பகுதியில் உப்பு, பொட்டாசியம், அமிலம் ஆகியவற்றின் அளவு சரிசெய்யப்படுகிறது. கடைசியில் சேர்க்கும் குழாய். உடலில் நீர் குறைந்தால் மூளையின் அடியிலுள்ள கபச் சுரப்பியிலிருந்து ஓர் ஓமோன் வந்து, இங்கே நீரை மேலும் உறிஞ்சச் செய்கிறது. வெயிலில் வேலை செய்த நாளில் சிறுநீர் குறைந்து, கடும் மஞ்சளாகப் போவது இதனால்தான். அது உடல் எமக்குத் தரும் எச்சரிக்கை.

அழிந்த சிறுநீரகத்திகள் மீண்டும் முளைப்பதில்லை. எஞ்சியவை கூடுதல் சுமையைத் தாங்குகின்றன. பெரும்பகுதி அழிந்த பின்னரே கால் வீக்கம், களைப்பு, பசியின்மை என்பன தோன்றுகின்றன.

எமது மண்ணில் உள்ள ஆபத்துகள்

நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் எங்கும் உள்ள முதன்மைக் காரணங்கள். இவை இரண்டும் இல்லாதவர்களையும் தாக்கும் ஒரு சிறுநீரக நோய், 1990களில் மதவாச்சி, பதவியா பகுதி விவசாயிகளிடையே இனங்காணப்பட்டது. பின்னர் வவுனியா மாவட்டத்திலும் நோயாளர்கள் கண்டறியப்பட்டனர். நிலத்தடி நீரிலுள்ள புளோரைட்டும் கடினத்தன்மையும், விவசாய இரசாயனங்கள், கடும் வெயிலில் உடல் நீர் வற்றுதல் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டுள்ளன. ஒரே காரணம் என எதுவும் நிறுவப்படவில்லை.

வயலில் வேறு ஆபத்துகளும் உண்டு. எலிக்காய்ச்சலும் கண்ணாடி விரியன் கடியும் சில நாட்களுக்குள்ளேயே சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். 2024 டிசெம்பரில், மழை வெள்ளத்தின் பின் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்தது.

நாம் செய்யக்கூடியவை

1. வேலைக்குப் போகும்போது தண்ணீரையும் கொண்டு செல்வோம். தாகம் எடுக்கும்வரை காத்திராமல், நிழலில் இருந்து அடிக்கடி குடிப்போம். வைத்தியர் நீரின் அளவைக் கட்டுப்படுத்தியவர்கள் அவர் சொற்படி நடக்க வேண்டும்.

2. கொதிக்க வைத்தல் கிருமியைக் கொல்லும், புளோரைட்டை அகற்றாது. புதிய இடத்துக் கிணற்று நீரைப் பரிசோதிக்கும்படி பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்போம். சுத்தமாகச் சேகரித்த மழைநீர் நல்லது.

3. மருந்து அடித்த கான்களை எவ்வளவு கழுவினாலும் குடிநீருக்குப் பயன்படுத்தக் கூடாது.

4. உடல் நோவுக்கு நாளாந்தம் கடையில் குளிசை வாங்கி விழுங்கும் பழக்கத்தை விடுவோம். நோ மருந்துகள் பல சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

5. சேற்றில் இறங்கியபின் காய்ச்சல் வந்தால், வயலில் வேலை செய்ததை வைத்தியரிடம் சொல்வோம். விதைப்புக்கு முன் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரிப்போம். பாம்பு கடித்தால் நேரே வைத்தியசாலைக்கே செல்வோம்.

6. வருடத்துக்கு ஒரு முறையேனும் குருதி அமுக்கம், சீனி, சிறுநீர்ப் புரதம், கிரியற்றினின் ஆகியவற்றைப் பரிசோதிப்போம்.

இன்னுமொன்று. மலசலகூட வசதி குறைந்த இடங்களில் எமது தாய்மாரும் பெண்பிள்ளைகளும் பகலில் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுகிறார்கள். இதனால் சிறுநீர்த் தொற்றும் அதன்வழி சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். இதைக் கூச்சம் என்று ஒதுக்கிவிட முடியாது. பாதுகாப்பான மலசலகூடம் கேட்பது எமது உரிமை. கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதை ஆண்களும் சேர்ந்து கேட்க வேண்டும்.

பழைய ஏற்பாட்டின் எபிரேய மொழியில், சிறுநீரகத்தைக் குறிக்கும் சொல் மனிதனின் ஆழ்மனத்தையும் குறிக்கிறது. இறைவன் இதயத்தோடு சிறுநீரகங்களையும் சோதித்தறிபவர் என அக்கால மக்கள் நம்பினர். காணியையும் வீட்டையும் இழந்த எம்மிடம் எஞ்சியிருக்கும் பெரும் சொத்து உழைக்கும் இந்த உடல்தான். மீண்டும் எமது வயலில் இறங்கும் நாள்வரை அதைக் காப்பது இறைவனுக்கும் எமது பிள்ளைகளுக்கும் நாம் செலுத்தவேண்டிய கடன்.