டபுள் பாஸ் கருவியின் பிக்கப்: விலையும் ஓசையும்

பெங்களூர் நகரின் வடமேற்கே அமைந்துள்ள பீன்யா தொழிற்பேட்டை 1970-களில் உருவாயிற்று. கடைசல் பட்டறைகளும், அச்சுவார்ப்புக் கூடங்களும், மின்னணுச் சாதனங்கள் செய்யும் சிறு தொழிற்சாலைகளும் அங்கே ஆயிரக்கணக்கில் நெருங்கி நிற்கின்றன. இயந்திரத் தொழில் நடைபெறும் இத்தகைய இடங்களில், சுழலும் தண்டின் பேரிங் தேய்ந்துவிட்டதா என்பதை அறிய, இயந்திரத்தின் உடலில் ஒரு சிறிய உணர்கருவியைப் பொருத்தி அதிர்வை அளப்பர். அவ்வுணர்கருவியினுள் இருப்பது பீங்கான் போன்றதொரு பொருளின் சிறு துண்டு. அதிர்வு அதனை அழுத்துந்தோறும் அது மின்னழுத்தத்தைத் தோற்றுவிக்கிறது. டபுள் பாஸ் என்னும் பெரிய நரம்புக் கருவியின் ஓசையை மின்சாரமாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் ‘பிக்கப்’ என்னும் சாதனமும் பெரும்பாலும் இதே பொருளால் ஆனது.

இச்சாதனங்களின் விலையில் காணப்படும் வேற்றுமை வியப்புக்குரியது. பித்தளைத் தகட்டில் ஒட்டிய பீங்கான் வில்லை ஒன்று மின்னணு உதிரிப் பொருள் கடைகளில் ஐம்பது ரூபாய்க்கும் குறைவாகக் கிடைக்கிறது. டபுள் பாஸுக்கெனவே செய்யப்பட்ட அயல்நாட்டுப் பிக்கப்புகளோ சில நூறு டாலர் விலை பெறுகின்றன. அவற்றுடன் அனுப்புச் செலவும் சுங்கவரியும் சேரும். இவ்வளவு விலை வேற்றுமைக்கு ஏற்ற ஓசை வேற்றுமை உண்டா, அந்த வேற்றுமை எங்கிருந்து எழுகிறது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருவியின் இயல்பு

டபுள் பாஸ், வயலின் குடும்பத்துக் கருவிகளுள் மிகப் பெரியது; மிகத் தாழ்ந்த சுரங்களை ஒலிப்பது. மேனாட்டுச் சங்கீதக் குழுக்களிலும், ஜாஸ் இசையிலும், சென்னைத் திரைப்பட இசையிலும் இதற்கு இடம் உண்டு. இதன் நான்கு தந்திகளும் முறையே 41.2, 55, 73.4, 98 ஹெர்ட்ஸ் அதிர்வெண்களுக்குச் சுருதி சேர்க்கப்படுகின்றன.

இவற்றுள் மிகத் தாழ்ந்த சுரத்தை எடுத்துக்கொள்வோம். ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. ஆகவே 41.2 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 8.3 மீட்டர். கருவியின் மரக்கூடோ ஏறத்தாழ 1.1 மீட்டர் நீளமே உடையது. இவ்வளவு சிறிய கூடு அவ்வளவு நீண்ட அலையைத் திறம்படக் காற்றில் பரப்ப இயலாது. எனவே அச்சுரத்தின் அடிப்படை அதிர்வு மெலிந்தே வெளிப்படுகிறது. அதன் மேற்சுரங்களாகிய 82, 124, 165 ஹெர்ட்ஸ் ஒலிகள் வலிமையுடன் வருகின்றன. அவற்றினின்று நமது செவி அடிப்படைச் சுரத்தை ஊகித்துக்கொள்கிறது.

இதனால் விளைவது யாதெனில், கச்சேரி மண்டபத்தில் முரசும் பித்தளைக் குழல்களும் முழங்கும்போது டபுள் பாஸின் ஓசை எளிதில் அமுங்கிவிடுகிறது. அதனைப் பெருக்கிக் காட்டவேண்டிய தேவை இதனாலேயே எழுந்தது.

பெருக்கும் முயற்சிகள்

1946-ஆம் ஆண்டில் அமெரிக்க டபுள் பாஸ் கலைஞரான எவரெட் ஹல் என்பவர், கருவியைத் தரையில் தாங்கும் முளையின் உட்புறத்தில் ஒரு மைக்ரோபோனைப் பொருத்தும் முறையை உருவாக்கினார். பெருக்கப்பட்ட முளை என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களைச் சுருக்கியே ‘ஆம்பெக்’ என்னும் புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயர் அமைந்தது. இம்முறையில் ஓர் இடர் உண்டு. ஒலிபெருக்கியின் ஓசை மீண்டும் கருவியின் கூட்டில் மோதி, மைக்ரோபோனுள் புகுந்து, சுழன்று சுழன்று பெருகி ஊளையிடத் தொடங்கும்.

காந்தப் பிக்கப் என்பது மற்றொரு வகை. காந்தத்தின் அருகே எஃகுத் தந்தி அசையும்போது கம்பிச் சுருளில் மின்னோட்டம் பிறக்கும். இது தந்தியின் அசைவை மாத்திரமே உணரும். மரத்தின் குரலை அறியாது. விலங்குக் குடலால் செய்த தந்திகளுக்கு இது பயன்படாது.

மூன்றாவது வகை அழுத்தமின் பிக்கப் ஆகும். சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் பரப்பில் மின்னூட்டம் தோன்றுகிறது என்பதை 1880-ஆம் ஆண்டில் ழாக் கியூரி, பியர் கியூரி என்னும் சகோதரர்கள் கண்டறிந்தனர். 1950-களில் ஈயம், சிர்க்கோனியம், டைட்டானியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள் அடங்கிய பீங்கான் ஒன்று இப்பண்பை மிகுதியாக உடையது என்று தெரியவந்த பின்னர், இத்தகைய உணர்கருவிகள் மலிவாயின. டபுள் பாஸ் வாசிப்பவரான லாரி ஃபிஷ்மன் 1981-இல் தொடங்கிய நிறுவனம் இக்கருவிக்கான பிக்கப்பைக் கொண்டே தன் தொழிலை ஆரம்பித்தது. இன்று டபுள் பாஸ் கலைஞர்கள் பெரும்பாலும் கையாள்வது இந்த அழுத்தமின் வகையே.

மறைந்துபோகும் தாழ்சுரம்

அழுத்தமின் பிக்கப்பை வாங்கியவர் பலர் கூறும் குறை ஒன்றே: ஓசை மெலிந்து, தகரத்தைத் தட்டினாற்போல் இருக்கிறது, கருவியின் கனத்த குரல் வரவில்லை. உடனே பிக்கப் மட்டமானது என்று முடிவு செய்து, அதனினும் விலையுயர்ந்த ஒன்றை நாடுவர். குறையோ பெரும்பாலும் பிக்கப்பில் இல்லை. அது இணைக்கப்பட்ட இடத்தில் உள்ளது.

மின்சார நோக்கில் அழுத்தமின் பிக்கப் ஒரு மின்தேக்கியைப் போன்றது. அதனைப் பெருக்கியின் உள்வாயிலில் இணைக்கும்போது, அவ்வாயிலின் மின்தடை வழியாக மின்னூட்டம் ஒழுகிப் போகிறது. விரைவான அதிர்வுகளில் ஒழுகுவதற்கு நேரமில்லை. மெதுவான அதிர்வுகளில் நேரம் மிகுதி. ஆகவே தாழ்சுரங்களே முதலில் இழக்கப்படுகின்றன. இந்த இழப்பு எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே முனைப்பாகத் தொடங்கும் என்பதைக் கணக்கிட எளிய விதி உண்டு: ஒன்றை, இரண்டு பை, மின்தடை, மின்கொள்ளளவு ஆகியவற்றின் பெருக்கத்தால் வகுத்தால் அவ்வெல்லை கிடைக்கும்.

மின்கொள்ளளவு 1 நானோ ஃபாரட் உடைய பிக்கப்பை, 1 மெகா ஓம் மின்தடை உடைய சாதாரண கிதார் பெருக்கியில் இணைப்பதாகக் கொள்வோம். எல்லை 159 ஹெர்ட்ஸ் என்று கணக்கு காட்டுகிறது. டபுள் பாஸின் நான்கு தந்திகளின் அடிப்படைச் சுரங்களும் இவ்வெல்லைக்குக் கீழே உள்ளன. 41.2 ஹெர்ட்ஸ் சுரத்தின் மின்னழுத்தத்தில் நான்கில் ஒரு பங்கே பெருக்கியை அடையும். அதன் முதல் மேற்சுரமும் பாதிக்குக் குறைவாகவே எஞ்சும்.

அதே பிக்கப்பை 10 மெகா ஓம் உள்வாயிலில் இணைத்தால் எல்லை 16 ஹெர்ட்ஸாகத் தாழ்கிறது. 41.2 ஹெர்ட்ஸ் சுரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பங்கு வந்து சேர்கிறது. பிக்கப் மாறவில்லை, கருவியும் வாசிப்பவரும் மாறவில்லை. மாறியது உள்வாயிலின் மின்தடை ஒன்றே.

மலிவான பித்தளை வில்லைக்கு இவ்விஷயத்தில் ஓர் அனுகூலம் உண்டு. 27 மில்லிமீட்டர் விட்டமுள்ள வில்லையின் மின்கொள்ளளவு சுமார் 20 நானோ ஃபாரட் இருக்கும். 1 மெகா ஓம் வாயிலில் அதன் எல்லை 8 ஹெர்ட்ஸ் மாத்திரமே. ஆனால் அதனையே மேடைக் கலவைப் பெட்டியின் 10 கிலோ ஓம் வாயிலில் நேரே சொருகினால் எல்லை 796 ஹெர்ட்ஸுக்கு ஏறி, தாழ்ந்த சுரத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே மிஞ்சும்.

இழந்த தாழ்சுரத்தைத் தொனி திருத்தும் குமிழ்களால் ஓரளவு உயர்த்தலாம். ஆனால் சுரத்துடன் இரைச்சலும் சேர்ந்தே உயரும். தாழ்சுரத்தை முழுமையாகப் பெற்று, மிகையானால் குறைத்துக்கொள்வதே சிறந்தது.

முதற்பெருக்கியின் பணி

இக்குறையைப் போக்கும் சாதனம், பிக்கப்பின் அருகிலேயே வைக்கப்படும் சிறிய முதற்பெருக்கி. ஒரு ஃபீல்டு எஃபெக்ட் டிரான்சிஸ்டர், சில மின்தடைகள், இரண்டு மின்தேக்கிகள், 9 வோல்ட் பேட்டரி ஆகியவை இதற்குப் போதும். ஓசையைப் பெரிதாக்குவது இதன் முதன்மையான வேலையன்று. பிக்கப்பின் மின்னூட்டம் ஒழுகாமல் காத்து, நீண்ட கேபிளையும் தாழ்ந்த மின்தடையையும் தாங்கக்கூடிய குறியாக மாற்றித் தருவதே அதன் வேலை.

‘அருகிலேயே’ என்பதற்குக் காரணம் உண்டு. கவசமிட்ட கேபிளுக்கும் மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோ ஃபாரட் மின்கொள்ளளவு உண்டு. 1 நானோ ஃபாரட் பிக்கப்புடன் 5 மீட்டர் கேபிளை நேரே இணைத்தால், குறியின் மூன்றில் ஒரு பங்கு கேபிளிலேயே கழிந்துவிடும். கேபிள் அசையுந்தோறும் கரகர ஒலியும் எழும்.

நுண்ணிய குறியைக் கேபிளில் விடுமுன் பெருக்கவேண்டும் என்னும் இவ்விதி பீன்யாவுக்குப் புதியதன்று. விண்கலங்களின் குறிகளை ஏற்று அவற்றைக் கண்காணிக்கும் நிலையங்களை நடத்திவரும், இஸ்ரோவின் ‘இஸ்ட்ராக்’ அமைப்பு அப்பகுதியிலேதான் அமைந்திருக்கிறது. இத்தகைய நிலையங்களில் முதற்பெருக்கியை ஆண்டெனாவின் ஏற்புமுனைக்கு அருகிலேயே வைப்பது வழக்கம். அளவில் இரண்டும் மலைக்கும் மடுவுக்கும் போன்றவை. ஆயினும் விதி ஒன்றே.

பொருத்தும் இடம்

மின்தடைக்கு அடுத்தபடியாக ஓசையை நிர்ணயிப்பது பிக்கப் பொருந்தும் இடம். வில்லால் இழுக்கும்போது தந்தி பக்கவாட்டில் அதிர்கிறது. அதனால் குதிரை இடமும் வலமுமாக ஆடுகிறது. உயர்ந்த தந்தியின் பக்கத்துக் காலுக்கு அருகே, கூட்டினுள் ஒரு சிறு மரக்கழி நின்று மேற்பலகையைத் தாங்குவதால், அக்கால் அதிகம் அசைவதில்லை. தாழ்ந்த தந்தியின் பக்கத்துக் காலே மேற்பலகையை மிகுதியாக அசைக்கிறது.

குதிரையின் இறக்கைப் பிளவில் செருகப்படும் பிக்கப், விரல் தந்தியை விடுவிக்கும் கணத்தைத் தெளிவாகக் காட்டும். சில வேளைகளில் அது கூர்மை மிகுந்து ஒலிக்கும். தாழ்ந்த தந்தியின் பக்கத்துக் காலின் கீழே வைக்கப்படும் மெல்லிய தகட்டுப் பிக்கப், மரத்தின் குரலை மிகுதியாகத் தந்து, இருண்ட உருண்ட ஓசையை அளிக்கும். ஆனால் சுரங்களின் வரம்பு சற்றே மங்கும். ஜாஸ் வாசிப்போர் முன்னதையோ பின்னதையோ விரும்புவது அவரவர் சுவையைப் பொறுத்தது.

இரண்டு வில்லைகளைக் குதிரையின் இருபுறமும் வைப்போர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். குதிரை ஆடும்போது ஒருபுறம் அழுந்த, மறுபுறம் தளர்கிறது. இரண்டையும் ஒரே திசையில் இணைத்தால் அவற்றின் குறிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒன்றின் கம்பிகளை மாற்றி இணைத்தால் அவை கூடிவிடும். ஓசை மெலிந்திருப்பதற்கு இத்தகைய எளிய காரணமும் இருக்கலாம்.

விலை எதற்கு?

அவ்வாறாயின் விலையுயர்ந்த பிக்கப் வீண் என்று கொள்ளலாமா? அதுவும் பொருந்தாது. அவற்றின் விலையில் பீங்கானின் பங்கு சிறிதே. குதிரையின் மரத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும் வடிவம், வெளி மின்னிரைச்சலைத் தடுக்கும் கவசம், அறுந்துபோகாத கம்பி இணைப்பு, ஒரே சீரான தயாரிப்பு ஆகியவற்றுக்கே பணம் செல்கிறது. பித்தளை வில்லை வெறுமையாக இருந்தால் மின்விளக்குகளின் இரைச்சலை ஏற்கும்; தன் சொந்த அதிர்வால் உயர்ந்த சுரங்களில் கரகரப்பையும் சேர்க்கும். செப்புத்தகட்டால் கவசமிட்டு, மரத்தில் உறுதியாகப் பொருத்தினால் இக்குறைகள் பெரிதும் நீங்கும். இவ்வேலைகளுக்கு அரிய பொருள்கள் தேவையில்லை. திருத்தமான கைவேலை தேவை. பீன்யாவின் பட்டறைகளைப் போன்றவை நாள்தோறும் செய்யும் வேலையும் அதுவே.

கலைஞர் பணம் செலவிடவேண்டிய வரிசை இதனால் தெளிவாகும். முதலில், 10 மெகா ஓம் உள்வாயில் கொண்ட முதற்பெருக்கி. இரண்டாவதாக, நல்ல கேபிளும் உறுதியான சொருகுமுனையும். மூன்றாவதாகவே விலையுயர்ந்த பிக்கப். இவ்வரிசையைத் தலைகீழாக்கினால், பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய பிக்கப்பும் தகரம்போல் ஒலிக்கக் கூடும்.

வாங்குமுன் செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. மிகத் தாழ்ந்த தந்தியை விரலால் மீட்டி, பிக்கப்பைப் பெருக்கியில் நேரே இணைத்து ஒரு முறையும், முதற்பெருக்கியின் வழியே ஒரு முறையும் பதிவு செய்க. இரு பதிவுகளையும் ஒரே உரப்புடன் ஒலிக்கச் செய்து கேட்க. இரண்டாவதில் கனம் கூடியிருப்பின், புதிய பிக்கப் வாங்கும் செலவு மிச்சம்.

வீணைக்கும் இதுவே விதி

டபுள் பாஸ் நம் நாட்டில் எல்லோர் கையிலும் உள்ள கருவியன்று. ஆனால் வீணை வாசிப்போர் பலரும் ‘கான்டாக்ட் மைக்’ என்று வழங்குவது பெரும்பாலும் இதே அழுத்தமின் வில்லையைத்தான். சாரணித் தந்தியை 165 ஹெர்ட்ஸுக்குச் சேர்த்தால், அனுமந்தரத் தந்தி சுமார் 62 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். அது டபுள் பாஸின் இரண்டாம், மூன்றாம் தந்திகளுக்கு இடைப்பட்ட சுரம். ஆகவே மேலே கண்ட இழப்பு வீணைக்கும் நேரும். வீணை, தம்புரா ஆகியவற்றின் வளைந்த குதிரை மேற்சுரங்களை வளமாக எழுப்புவதை 1921-இல் ஸி. வி. ராமன் எடுத்துக்காட்டினார். அத்தகைய கருவியில் தாழ்சுரம் ஒழுகிப்போனால், எஞ்சும் மேற்சுரங்கள் மிகையாகக் கீச்சிடுவது இயல்பே.

இசையின் தேவையைப் பெங்களூரின் மின்னணுத் திறன் நிறைவேற்றியதற்கு முன்னுதாரணம் உண்டு. 1979-இல் அந்நகரைச் சேர்ந்த பொறியியலாளர் ஜி. ராஜ் நாராயண் மின்னணுத் தம்புராவை உருவாக்கினார். இன்று அத்தகைய சாதனம் இல்லாத கச்சேரி மேடை அரிது. பிக்கப்புக்கான முதற்பெருக்கியோ அதனினும் எளியது. இயந்திரத்தின் பேரிங்கை ஆராயும் பொறியாளர், உணர்கருவியை எத்தகைய உள்வாயிலில் இணைக்கவேண்டும் என்பதை முதற்பாடமாகக் கற்கிறார். அதே பாடம் இசைக் கலைஞருக்கும் எட்டுமாயின், அவருடைய பணமும் மீளும். கருவியின் கனத்த குரலும் மீளும்.