இது வீடா, ஹோட்டலா?

நினைத்த நேரத்துக்கு வந்து, சாப்பிட்டு, தூங்கி, மறுபடி கிளம்பிப் போகும் பிள்ளையைப் பார்த்து அம்மா கேட்கிற கேள்வி இது. சிங்கப்பூர்த் தேக்கா நிலையத்தில் தே குடித்துக்கொண்டிருந்தபோது நண்பரின் மகள் அதையே ஆசையாகச் சொன்னாள்: "மாமா, எங்க வீடு ஹோட்டல் மாதிரி இருக்கணும்." பொங்கோலில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. சாவி வாங்கிப் பத்து நாள்தான் ஆகிறது. கைபேசி நிறைய ஹோட்டல் படங்கள்.

தள்ளித் தள்ளிப் பார்த்தேன். எந்தப் படத்திலும் செருப்பு இல்லை. அரிசி மூட்டை, குக்கர், துணி காயப்போடும் கழி, சாமி படம், ஒன்றுமே இல்லை. "இந்த ரூம்ல யாரும்மா குடியிருக்காங்க?" என்றேன். சிரித்தாள். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

ஹோட்டல் அறைக்கு ஒருவர் இரண்டு நாள் துணியோடு வருகிறார். மாற்றுப் போர்வை, துண்டு, அழுக்குத் துணி, ஏணி, துடைப்பம் எல்லாம் ஊழியர் மட்டும் புழங்கும் பின்கட்டில் இருக்கின்றன. நம் அடுக்குமாடி வீட்டில் முன்கட்டே பின்கட்டு. அதனால் ஹோட்டல் அழகு வேண்டும் என்கிறவர் சோபாவுக்கும் சரவிளக்குக்கும் முன்னால் வாங்க வேண்டியது கதவு போட்ட அலமாரி. கூடத்தின் ஒரு சுவர் முழுக்க, தரையிலிருந்து மேல்வரை, சுவரின் நிறத்திலேயே. கைப்பிடிகூட வெளியே தெரிய வேண்டாம். எல்லாரும் பாம் ஷெல்டர் என்று சொல்கிற பாதுகாப்பு அறையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். அதன் சுவரை உடைக்கக் கூடாது, கதவை மாற்றக் கூடாது. கழற்றி எடுக்கக்கூடிய தட்டுகளை உள்ளே நிறுத்தத் தடையில்லை. அரிசி மூட்டை அங்கே போகட்டும்.

நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடையில் பார்க்க வேண்டிய ஹோட்டல்கள் உண்டு. டிக்சன் சாலையில் 1920களில் கட்டிய பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்று 2010இல் வாண்டர்லஸ்ட் என்ற ஹோட்டலாகத் திறந்தது. தளங்களை நான்கு வடிவமைப்புக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு தளத்தில் அறைக்கொரு நிறம், நியான் விளக்கு. இன்னொன்றில் ஓர் அறை மரவீடு, ஓர் அறை விண்வெளி. ஓர் இரவு தங்குகிறவருக்குக் குதூகலமாக இருந்திருக்கும். விண்வெளி அறையில் பத்து வருடம் படுத்து எழுந்து வேலைக்குப் போக யாரால் முடியும்? அந்த ஹோட்டலே பிற்பாடு கைமாறி, உள்ளலங்காரமும் மாறிவிட்டது.

சையது ஆல்வி சாலையில் வேகபாண்ட். பாரிஸின் ஹோட்டல் கோஸ்த்தை அலங்கரித்த ஜாக் கார்சியாவின் கைவண்ணம். சிவப்பு, பொன்னிற ஆலமரம், பித்தளை விலங்குகள். நம் தெருவின் ஆரவாரத்தை உள்ளே இழுத்துவந்து வெல்வெட் போர்த்திய மாதிரி இருக்கும். எனக்குப் பிடிக்கும். ஆனால் 90 சதுர மீட்டர் வீட்டில் ஒரு பித்தளை யானையை வைத்தால் அதற்கும் ஓர் அறை ஒதுக்க வேண்டும்.

இந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன உதாரணம் வேறு. வழக்கறிஞராக இருந்து ஹோட்டல் தொழிலுக்கு வந்த லோ லிக் பெங், 2003இல் கியோங் சைக் சாலையின் பழைய கடைவீடுகளில் ஹோட்டல் 1929ஐத் திறந்தார். 32 அறைகள்; பலவும் சின்னஞ்சிறியவை. அங்கே அவர் போட்டது தான் சேர்த்து வைத்திருந்த பழைய நாற்காலிகளை. பார்க்கிறவர்கள் அறையின் சிறுமையை மறந்து நாற்காலியைப் பார்த்தார்கள். "உங்க வீட்ல அப்படி என்ன இருக்கு?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "பாட்டியோட பித்தளைத் தூக்கு இருக்கு, மாமா. அம்மா பரண்ல போட்டு வச்சிருக்காங்க" என்றாள். அதை விளக்கி எடுத்து, கூடத்தில் வேறு எந்தச் சாமானும் இல்லாத ஓர் இடத்தில் வைத்தால் போதும். பக்கத்தில் பிளாஸ்டிக் பூவும் பட்டப்படிப்புப் படமும் காந்தப் பொம்மையும் சேர்ந்தால் தூக்கு காணாமல் போய்விடும்.

இரண்டாவது தே வந்தபோது விளக்குக்கு வந்தோம். என்னைக் கேட்டால் ஹோட்டலிடமிருந்து உருப்படியாக எடுத்துக்கொள்ள வேண்டியது இது ஒன்றைத்தான். நம் வீடுகளில் விளக்கு என்றால் கூரை நடுவில் ஒன்று, பளீரென்று வெள்ளை. குழல் விளக்குப் பழக்கம். அந்த வெள்ளை ஏறக்குறைய 6,500 கெல்வின், நடுப்பகலின் நிறம். நல்ல ஹோட்டல் அறையில் 2,700லிருந்து 3,000க்குள் வைப்பார்கள். எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். அகல் விளக்கின் சுடர் 2,000க்கும் கீழே. கார்த்திகை அன்று வீடு ஏன் அவ்வளவு அழகாகத் தெரிகிறது என்பதற்குப் பாதிப் பதில் அந்த எண்ணில் இருக்கிறது. மீதிப் பாதி, அகல் இருக்கும் உயரத்தில். சுடர் தரையருகே இருக்கிறது. உச்சந்தலைக்கு மேலிருந்து விழும் வெளிச்சம் கண்ணுக்குக் கீழே கருவளையம் போடும், மூலைமுடுக்கையெல்லாம் ஒரே மாதிரி காட்டிக்கொடுக்கும். தோள் உயரத்துக்குக் கீழே இருக்கும் விளக்கு, தேவையான இடத்தை மட்டும் காட்டி மற்றதை நிழலில் விடும். ஹோட்டல் அறைக்குள் நுழைந்ததும் மேலே தேடிப் பாருங்கள். நடுவில் விளக்கு இல்லாத அறைகள் நிறைய. படுக்கையின் இருபுறமும் ஒவ்வொன்று, மேசையில் ஒன்று, மூலையில் நிற்பது ஒன்று, திரைக்குப் பின்னால் ஒளிந்திருப்பது ஒன்று.

இதில் ஒரு சிக்கல். விளக்கு எங்கே நிற்கும் என்று தெரிந்தால்தான் பிளக் பாயின்ட் எங்கே வேண்டும் என்று எலக்ட்ரீஷியனிடம் சொல்ல முடியும். பெரும்பாலானவர்கள் சுவருக்கு வண்ணம் அடித்து, சோபா வந்து இறங்கிய பிறகு விளக்கைப் பற்றி யோசிக்கிறார்கள். அப்புறம் தரையெல்லாம் வயர் ஓடும். படுத்தபடியே எல்லா விளக்கையும் அணைக்கும் சுவிட்ச் ஹோட்டலில் தலைமாட்டில் இருக்கும். அதையும் இப்போதே கேட்டு வாங்கிவிட வேண்டும். துணி அலமாரிக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு வெள்ளை விளக்கு இருக்கட்டும். மஞ்சள் வெளிச்சத்தில் மாம்பழ நிறப் புடவைக்கு ரவிக்கை தேடிய கொடுமையை என் மனைவி இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

சரவிளக்கு ஆசையை அங்கேயே நிறுத்திவிட்டேன். ராஃபிள்ஸ் ஹோட்டல் முகப்பில் அது தொங்குகிறது என்றால், 1899இல் எழுந்த அந்தப் பிரதானக் கட்டடத்தின் கூடம் மாடி மாடியாக உயர்ந்து நிற்கிறது. வீவக வீட்டில் தரைக்கும் கூரைக்கும் நடுவே 2.6 மீட்டர் அளவுதான். அவள் மாப்பிள்ளை உயரமானவர் வேறு.

படுக்கைக்கு வெள்ளை விரிப்பு கேட்டாள். ஒரு காலத்தில் ஹோட்டல்களில் கறை தெரியாத பூப்போட்ட விரிப்புகள்தாம் அதிகம். 1999இல் வெஸ்டின் ஹோட்டல்காரர்கள் 'ஹெவன்லி பெட்' என்று முழு வெள்ளைப் படுக்கையைக் கொண்டுவந்தார்கள், மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். வெள்ளையில் அழுக்கு ஒளிய முடியாது, அதனால் விருந்தாளிக்கு நம்பிக்கை. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுச் சுடுநீரில் வெளுக்கலாம் என்பது சலவைக்காரருக்கு வசதி. மருதாணியும் மஞ்சளும் புழங்கும் வீட்டில் அந்த நம்பிக்கை எத்தனை நாள் நிற்கும் என்று அவளே கணக்குப் போடட்டும். தலைமாட்டுப் பலகையை மட்டும் வற்புறுத்திச் சொன்னேன். எண்ணெய் வைத்த தலைகள் சாய்ந்து சாய்ந்து சுவரில் உண்டாக்கும் அந்த வட்டக் கறையை அறியாத தமிழ் வீடு உண்டா?

வேண்டாம் என்றவை: தரை முழுக்கக் கம்பளம். ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்தைத் தாண்டும் ஊரில் அது பூசணத்துக்குப் போடும் மெத்தை. சுவரில்லாத அடுக்களையும் வேண்டாம்; ஹோட்டல் அறையில் காப்பி மட்டுமே கலக்குகிறார்கள், கருவாடு பொரிப்பதில்லை. கண்ணாடிக் குளியலறையும் கேட்டாள். புது வீட்டில் முதல் மூன்று ஆண்டுகள் குளியலறையின் தரை, சுவர் ஓடுகளைப் பெயர்க்க வீவக அனுமதிப்பதில்லை. அடியில் இருக்கும் நீர்த்தடுப்புப் படலம் கிழிந்தால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். மாமியார் வந்து தங்கும் வீட்டில் கண்ணாடி எதற்கு என்பது என் சொந்தக் கருத்து, விதியில் இல்லை.

காரைக்குடிப் பக்கம் போய் ஒரு செட்டிநாட்டு வீட்டு ஹோட்டலில் தங்கிவந்தவள் அவள். ஆத்தங்குடி ஓடு வேண்டும் என்றாள். இதில் எனக்கு மகிழ்ச்சிதான். மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியில் ஆளுக்கொரு பெட்டியும் சாய்வுப் பலகையுமாக உட்கார்ந்து கணக்கெழுதிய செட்டியார்கள், கடல்கடந்து சம்பாதித்ததை ஊரில் தேக்குத் தூணாகவும் ஓடாகவும் நட்டார்கள். அவற்றில் சிலவற்றில் இன்று நாம் காசு கொடுத்துத் தங்குகிறோம். ஆத்தங்குடி ஓட்டைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமென்டை ஊற்றி, பின்னால் சாந்து கொட்டி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பார்கள்; கண்ணாடியின் வழவழப்பு ஓட்டில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். சுட்ட ஓட்டைவிடக் கனம் அதிகம். வீவக வீட்டில் ஓடும் அடிச்சாந்தும் சேர்ந்து 50 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. வீடு முழுக்க வேண்டாம், வாசலை ஒட்டி ஒரு பாய் அளவுக்குப் போடு என்றேன். கோலத்துக்குக் கோலமும் ஆயிற்று.

செடியும் கேட்டாள். 2013இல் திறந்த அப்பர் பிக்கரிங் ஸ்ட்ரீட் பார்க்ராயலில் 15,000 சதுர மீட்டர் பசுமை மாடி மாடியாகத் தொங்குகிறது. வோஹா கட்டடக் கலைஞர்களின் வேலை. தண்ணீர் விடவும் கத்தரிக்கவும் ஆள் இருக்கிறார்கள். நம் வீட்டு வாசலில் பழைய கடைவீட்டு அஞ்சடி நடைபாதைக்குப் பேத்தி மாதிரி ஒரு நடைவழி ஓடுகிறது. அதில் 1.2 மீட்டர் வழி விட்டு நாலு தொட்டி வைக்கலாம். தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கினால் கொசு வரும். கொசுவுக்குப் பின்னால் தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரியும் வருவார்.

"சாமி மாடம் எங்க வைக்கட்டும்?" என்று கடைசியாகக் கேட்டாள். எந்த ஹோட்டல் படத்திலும் அதற்கு விடை இல்லை. அந்த அலமாரிச் சுவரிலேயே கண் உயரத்தில் ஒரு மாடத்தைத் திறந்துவிட்டு, மேலே எண்ணெய்ப் புகை படிந்தாலும் துடைத்துவிடக்கூடிய கல் பலகை ஒட்டி, மஞ்சள் விளக்கு ஒன்று உள்ளே வைக்கச் சொன்னேன்.

எதையும் வாங்குவதற்கு முன் வெறும் வீட்டின் தரையில் ஒட்டுநாடாவால் கட்டில், சோபா, அலமாரி எல்லாவற்றையும் உண்மை அளவில் ஒட்டி, ஒரு வாரம் அதற்குள் நடந்து பார்க்கச் சொல்லி அனுப்பினேன். நாலாம் நாள் செய்தி வந்தது. அவள் பார்த்து வைத்திருந்த கிங் சைஸ் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே 40 சென்டிமீட்டர்தானாம். அலமாரிக் கதவு திறக்கவே 50 வேண்டும். "மாமா, குவீன் சைஸ் போதும்" என்று எழுதியிருந்தாள்.