கரை மின்சாரம்

நடுக்கடலில் செல்லும் கப்பலுக்குத் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்வதைத் தவிர வேறு கதியில்லை. ஆனால் துறைமுகத்துக்கு வந்து கயிறு கட்டிய பின்பும், விளக்குகளுக்காகவும் குளிர்சாதனங்களுக்காகவும் டீசல் ஜெனரேட்டர்களை இரவு பகலாக ஓட்டி, அக்கம்பக்கத்து ஜனங்கள் புகையைச் சுவாசிக்கும்படி செய்வது எவ்விதத்திலும் நியாயமன்று. கரையிலிருந்து ஒரு கேபிளை இழுத்துச் செருகிவிட்டால் போதுமென்று தோன்றலாம். கஷ்டம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

ஜெர்மனியில் ஏ.இ.ஜி. நிறுவனம் மாறுமின்சாரத்துக்கு வினாடிக்கு 50 சுற்று என்றும், அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் 60 சுற்று என்றும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்துக்கொண்ட வழக்கங்கள் இன்று பூமண்டலத்தையே இரண்டு பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கின்றன. ஆகையால் புளோரிடாவில் 60 சுற்றுக்கும் 120, 240 வோல்ட்டுக்கும் ஏற்பக் கட்டப்பட்ட உல்லாசப் படகொன்று அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டிப் பிரான்ஸிலுள்ள ஆன்டீப் துறையை அடையும்போது, 50 சுற்றும் 230 வோல்ட்டுமான மின்சாரமே அதற்குக் கிடைக்கிறது. வோல்ட்டை மாற்றுவது சுலபம். 1831-இல் பாரடே கண்ட தத்துவப்படி, இரும்பின்மேல் சுற்றிய இரண்டு கம்பிச் சுருள்களாலான டிரான்ஸ்பார்மர் அந்தக் காரியத்தைச் செய்துவிடும். சுற்றுகளின் எண்ணிக்கையை மாற்றவோ டிரான்ஸ்பார்மருக்குச் சக்தி கிடையாது. 60 சுற்றுக்கென்று அமைந்த மோட்டாரை 50 சுற்றில் ஓட்டினால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறைவதோடு, வோல்ட்டையும் குறைக்காவிட்டால் இரும்பினுள் காந்தப்பெருக்கு ஐந்தில் ஒரு பங்கு அதிகரித்து, யந்திரம் சூடேறிக் கெடவும் ஏதுவாகும்.

முன்பெல்லாம் பத்துத் துருவ மோட்டாரையும் பன்னிரண்டு துருவ ஜெனரேட்டரையும் ஒரே தண்டில் பூட்டி, நிமிஷத்துக்கு 600 முறை சுழலவிட்டு, 50 சுற்று மின்சாரத்திலிருந்து 60 சுற்று மின்சாரத்தைப் பெற்றார்கள். பாரமான ஏற்பாடானாலும் அழகிய கணக்கு! 1957-இல் தைரிஸ்டர் தோன்றி, பின்னர் அதனினும் விரைவான குறைகடத்திகளும் வந்த பிறகு, மாறுமின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கி, அதை வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி இணைத்து, வேண்டிய சுற்றில் புதிய மாறுமின்சாரமாக வார்ப்பது சாத்தியமாயிற்று. நம் வீடுகளில் மின்தடையின்போது பாட்டரியிலிருந்து மின்விசிறியை ஓட்டும் இன்வெர்ட்டர் செய்வதும் இதன் பிற்பாதியைத்தான்.

சக்தியை மாற்றுவது போலவே, சில இடங்களில் மின்தொடர்பை அறுப்பதும் அவசியமாகிறது. 1761-இல் ஆங்கிலக் கடற்படை ‘அலார்ம்’ என்ற மரக்கப்பலின் அடிப்பாகத்துக்குச் செப்புத் தகடு வேய்ந்தது. இரண்டாண்டுகளுக்குப் பின் பரீட்சித்தபோது, தாமிரத்தைத் தொட்ட இரும்பாணிகள் அரித்துப் போயிருக்க, தகட்டைச் சுற்றி வந்திருந்த பழுப்புக் காகிதம் இடையில் தங்கிய இடங்களில் ஆணிகள் சேதமின்றி இருந்தன. உப்புநீரில் இரு உலோகங்கள் தொடர்புகொண்டால் எளிதில் அரிபடும் உலோகம் கரைந்துபோகும் என்ற அந்த இயற்கை நியதியே இன்று கரைக் கேபிளின் வழியாகத் திரும்பி வருகிறது. கேபிளிலுள்ள எர்த் கம்பி அடுத்தடுத்து நிற்கும் படகுகளை ஒன்றோடொன்று இணைத்துவிடுவதால், ஒருவருடைய அலுமினிய அடிப்பாகம் மற்றொருவருடைய வெண்கலச் சுழல்விசிறிக்கு இரையாகிறது. கம்பித் தொடர்பே இன்றிக் காந்தத்தின் மூலமாக மட்டும் சக்தியைக் கடத்தும் தனிப்படுத்தும் டிரான்ஸ்பார்மர், அந்தப் பழுப்புக் காகிதத்தின் வேலையைச் செய்து படகைக் காக்கிறது. விலையைக் கண்டு இதைத் தவிர்ப்பது தவறான சிக்கனம் என்றே சொல்வேன்.

உல்லாசப் படகுகள் இச்சாதனங்களைத் தம்முள்ளேயே சுமந்து செல்லலாம். பெருங்கப்பல்களின் தேவையோ மிகப் பெரிது. 2000-இல் ஸ்வீடனின் கோதன்பர்க் துறைமுகமும், 2001-இல் அலாஸ்காவின் ஜூனோவும் உயரழுத்தக் கரை மின்சாரத்தைத் தொடங்கின; 2012-இல் இதற்கான சர்வதேசத் தரவிதியும் வெளிவந்தது. பெருங்கப்பல்களில் பல 60 சுற்று மின்சாரத்தில் இயங்குவதால், ஐரோப்பாவைப் போலவே 50 சுற்று வழங்கும் இந்தியாவிலும், அவற்றுக்குக் கரை மின்சாரம் தர விரும்பும் துறைமுகம் கரையிலேயே சுற்றை மாற்றும் சாதனங்களை நிறுவவேண்டும். கப்பலுக்குக் கப்பல் தனித்தனியே சுமப்பதைவிட, வருகிற கப்பல்கள் அனைத்துக்கும் கரையில் ஒரு நிலையம் உழைப்பதே உசிதமாகத் தோன்றுகிறது.