வீட்டோடு கடல் தாண்டும் கப்பல்

பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை விட்டுவிட்டால், இங்கிலாந்தின் தென்கிழக்குக் கோடியிலுள்ள டோவர் துறைமுகத்தை நோக்கிச் செல்லும் சாலைகளில், தாய் தகப்பனும் குழந்தைகளும் சில சமயம் ஒரு நாயும் அடைந்து உட்கார்ந்திருக்கும் கார் முன்னே செல்ல, அதன் பின்னே இரும்புக் கொண்டியில் மாட்டப்பட்ட வெள்ளை நிறப் பெட்டி வீடு அசைந்தசைந்து தொடர்ந்து வரும் காட்சியைச் சாரிசாரியாகக் காணலாம். அந்தப் பெட்டி வீட்டுக்குக் கேரவன் என்று பெயர். படப்பிடிப்பில் நம் நட்சத்திரங்கள் இளைப்பாறும் கேரவன் வேறு, இது வேறு. இதற்கு எஞ்சின் கிடையாது. படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, பாத்திரம் கழுவும் தொட்டி என்று சம்சாரத்துக்கு வேண்டிய சகல சாமான்களையும் சுமந்துகொண்டு, இழுத்த இழுப்புக்கு வருகிற இரண்டு சக்கர வண்டி இது.

உல்லாசத்துக்கென்றே இத்தகைய வண்டியை முதன்முதலில் செய்வித்தவர், பிரிட்டிஷ் கடற்படையில் வைத்தியராயிருந்து பின்னர் சிறுவர் கதைகள் எழுதிப் பெயர் பெற்ற கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர். 1885-ல் பிரிஸ்டல் நகரத்து வண்டிப் பட்டறையில் அவருக்காகக் கட்டப்பட்ட 'வாண்டரர்' என்னும் வண்டியைக் குதிரைகள் இழுத்தன. முதல் உலக யுத்தம் முடிந்தபின் குதிரைகளின் இடத்தைக் கார் பிடித்துக்கொண்டது. ஆனால் காரானாலும் குதிரையானாலும் இங்கிலாந்து ஒரு தீவு. குடும்பம் பிரான்ஸுக்கோ ஸ்பெயினுக்கோ போக ஆசைப்பட்டால், மிகக் குறுகலான இடத்திலும் சுமார் 33 கிலோமீட்டர் அகலமுள்ள நீரிணை ஒன்று குறுக்கே கிடக்கிறது. வீட்டை அக்கரை சேர்க்கும் அந்த வேலையைச் செய்கிற ஃபெர்ரிக் கப்பலின் அமைப்பும், அந்த அமைப்பின் சௌகரியத்துக்குள்ளேயே மறைந்திருக்கும் ஆபத்தும்தான் இக்கட்டுரையின் விஷயம்.

ஆதியில் காரைக் கப்பலில் ஏற்றுவதென்றால் அதைப் பொதி மூட்டைபோலக் கட்டி, பாரந்தூக்கியால் அந்தரத்தில் தூக்கி, தளத்தில் இறக்குவதுதான் வழக்கம். 1928-ல் டவுன்செண்ட் என்னும் ராணுவ கேப்டன் டோவருக்கும் பிரான்ஸின் கலேக்கும் இடையே கார்களுக்காகவே கப்பல் விட்டபோதும், இரண்டு வருஷம் கழித்துக் கண்ணிவெடி அகற்றும் பழைய கப்பலொன்றைத் திருத்தி அமைத்து 'ஃபோர்ட்' என்று பெயரிட்டு ஓட்டியபோதும், பாரந்தூக்கியின் தயவில்லாமல் காரியம் நடக்கவில்லை. இத்தனைக்கும் சக்கரத்தில் வந்ததைச் சக்கரத்திலேயே கப்பலுக்குள் உருட்டிவிடும் யுக்தி ரயில்வேக்காரர்களுக்கு வெகுகாலம் முன்பே தெரிந்திருந்தது. ஸ்காட்லாந்தின் ஃபோர்த் கழிமுகத்தில் 1850-லேயே 'லெவியதான்' என்ற கப்பல், தளத்தின்மேல் பதித்த தண்டவாளங்களில் சரக்கு ரயில் பெட்டிகளை ஏற்றிச் சென்றது. அந்த ஏற்பாட்டுக்கு மூளையாக இருந்த தாமஸ் பௌச் என்ற பொறியாளர், பிற்பாடு தாம் கட்டிய டே நதிப் பாலம் 1879-ல் ரயிலோடு சரிந்து விழுந்ததனால் அபகீர்த்தியோடு மறைந்தார். அவருடைய நல்ல காரியத்தை ஜனங்கள் மறந்துபோனார்கள். மோட்டார் வண்டிகளுக்கு அந்த யுக்தி வந்து சேர, கடற்கரையில் மூக்கைத் திறந்து டாங்கிகளைக் கக்கும் ராணுவக் கப்பல்கள் இரண்டாம் உலக யுத்தத்தில் தோன்ற வேண்டியிருந்தது. யுத்தம் ஓய்ந்ததும், 1946-ல் ஃபிராங்க் பஸ்டர்ட் என்பவர் அத்தகைய கப்பல்களை வாடகைக்கு எடுத்து டில்பரியிலிருந்து ராட்டர்டாமுக்கு ஓட்டலானார்; 1953-ல் டோவரிலேயே கார்கள் நேராக ஓடி ஏறுவதற்கான துறை திறக்கப்பட்டது.

துறையென்றால் வெறும் பலகையன்று. டோவரில் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையே கடல் மட்டம் பௌர்ணமி அமாவாசையை ஒட்டிய நாட்களில் சுமார் 6 மீட்டர் ஏறி இறங்குகிறது, கரையோ அசையாது. ஆகவே கரைப் பக்கம் கீலில் மாட்டி, கப்பல் பக்கத்து நுனியை ஏற்றி இறக்கத்தக்கதாக அமைத்த இரும்புப் பாலத்தின் மீதுதான் வண்டிகள் ஏறுகின்றன. காலையில் ஏறக்குறைய சமதளமாயிருந்த பாலம் மாலையில் செங்குத்தான இறக்கமாயிருக்கலாம். பாலமும் தளமும் சந்திக்கிற மடிப்பில், கேரவனின் மூக்குப் பக்கம் தொங்கும் சிறு தாங்கு சக்கரத்தை முழுக்க மேலே திருகி வைக்காதவர்களுக்குக் 'கறக்'கென்று ஒரு சத்தம் கேட்கும். பின்புறம் அதிகமாக நீண்ட வண்டியானால் வாலும் உரசும். மஞ்சள் சட்டை போட்ட தள ஊழியர், வாயைத் திறக்காமல் இரண்டு கைகளாலேயே 'வா, இன்னும் வா, போதும்' என்று சொல்லி, முன்வண்டிக்கு ஒரு முழம் இடைவெளியில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிற லாகவம் பார்த்து ரசிக்கத்தக்கது.

கேரவன் கட்டிய காரைப் பின்னோக்கி ஓட்டுவது பெரிய வித்தை. ஸ்டியரிங்கை வலப்புறம் திருப்பினால் கேரவன் இடப்புறம் வளையும். அதனால்தான் இக்கப்பல்களில் பல, ஒரு முனைக் கதவு வழியே ஏறி மறுமுனைக் கதவு வழியே இறங்கும்படி கட்டப்படுகின்றன. 2011-ல் இத்துறையில் ஓடத் தொடங்கிய 'ஸ்பிரிட் ஆஃப் பிரிட்டன்' 213 மீட்டர் நீளமுள்ளது. கப்பலின் கொள்ளளவை வண்டிகளின் எண்ணிக்கையால் அளப்பதைவிட, வண்டிகள் நிற்கும் வரிசைகளின் மொத்த மீட்டரால் அளப்பதே இத்தொழிலில் வழக்கம். உயரம் மிகுந்த கேரவனுக்குக் கார்களுக்கான தாழ்ந்த தட்டில் இடம் கிடைக்காது. லாரிகளின் நடுவே நிற்கும்.

இனி ஆபத்தைச் சொல்ல வேண்டும். சாதாரணக் கப்பலின் வயிற்றைக் குறுக்குச் சுவர்கள் பல அறைகளாகப் பிரித்திருப்பதால், ஓரிடத்தில் புகுந்த நீர் அவ்விடத்திலேயே அடங்கிவிடும். வண்டிகள் தடையின்றி ஓட வேண்டிய ஃபெர்ரியின் தளத்திலோ, முனையிலிருந்து முனைவரை ஒரு சுவரும் வைக்க முடியாது. 100 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள தளத்தில் வெறும் 10 சென்டிமீட்டர் நீர் நின்றாலே அதன் எடை 200 டன். அகன்ற தாம்பாளத்தில் தண்ணீர் ஏந்திச் சென்றவர்களுக்கு இதன் விளைவு தெரியும்: தாம்பாளம் சற்றே சாய்ந்தால் நீர் முழுவதும் அந்தப் பக்கமே ஓடிச் சாய்வை அதிகமாக்கும். 1953 ஜனவரி 31-ந் தேதி 'பிரின்ஸஸ் விக்டோரியா' என்ற கப்பலின் பின்கதவைப் புயலலை உடைத்து, 130க்கும் மேற்பட்டோர் மாண்டபோதே இந்தப் பாடம் எழுதப்பட்டுவிட்டது.

ஆனால் உலகம் அதைப் படித்தது 1987 மார்ச் 6-ந் தேதிதான். பெல்ஜியத்தின் ஸேப்ரூக் துறைமுகத்திலிருந்து டோவருக்குக் கிளம்பிய 'ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்', கலேக்கு ஏற்றபடி கட்டப்பட்ட கப்பல். ஸேப்ரூக்கின் பாலம் பெருக்கு வேளையில் மேல்தளத்துக்கு எட்டாததால், மூக்குப் பக்கத்துத் தொட்டிகளில் நீர் நிரப்பிக் கப்பலைத் தாழ்த்தியே வண்டிகளை ஏற்றினார்கள்; அந்த நீர் முழுவதும் இறைக்கப்படுமுன்பே கப்பல் புறப்பட்டது. கதவை மூட வேண்டிய ஊழியர் தம் அறையில் உறங்கிப்போயிருந்தார். கேப்டன் நின்ற இடத்திலிருந்து கதவு கண்ணுக்குத் தெரியாது. வேகம் எடுத்ததும் கடல் உள்ளே புகுந்தது. கண்மூடித் திறப்பதற்குள் கப்பல் மணல் திட்டின்மேல் பக்கவாட்டில் சாய்ந்தது. 193 பேர் மாண்டனர். கதவு மூடியிருக்கிறதா என்று காட்டும் ஒரு சிறு விளக்கு வேண்டுமென்று கப்பல்காரர்கள் முன்பே கேட்டிருந்தும் நிர்வாகம் அலட்சியம் செய்ததை விசாரணை வெளிப்படுத்தியது. உறங்கிய மனிதனைவிட அந்த அலட்சியமே பெரிய குற்றம் என்பது என் அபிப்பிராயம். இன்று விளக்கும் காமிராவும் இல்லாமல் கப்பல் கிளம்புவதில்லை. 1994-ல் பால்டிக் கடலில் 'எஸ்டோனியா' மூழ்கி 852 பேர் இறந்தபின், தளத்தில் அரை மீட்டர் வரை நீர் தேங்கினாலும் கவிழாதிருக்க வேண்டுமென்ற விதியை வட ஐரோப்பிய நாடுகள் ஏற்படுத்தின.

இதையெல்லாம் அறிந்தவருக்குத் தளத்தில் விதிக்கப்படும் சில்லறைக் கட்டளைகள் தொந்தரவாகத் தோன்றா. கேரவனின் காஸ் சிலிண்டர் வாயை மூடச் சொல்வது, அந்த வாயு காற்றைவிடக் கனமானதாகையால் கசிந்தால் தளத்தோடு படிந்து தேங்குமென்பதற்காக. குளிர்ப்பெட்டியைக் காஸில் ஓடவிட்டு வருபவர்கள்தாம் இதை மறப்பார்கள். கைப்பிரேக்கை இழுத்து, கியரில் விட்டு, திருட்டு எச்சரிக்கை மணியை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் கப்பலின் அசைவுக்கே அது அலறும். கடலில் போகும்போது வண்டியில் மனிதர் எவரும் தங்கக் கூடாது, தளம் பூட்டப்படும். குழந்தையின் பால் புட்டியையும் கம்பளிச் சட்டையையும் முன்னதாகவே எடுத்துக்கொள்வது நல்லது. மேலே போனால் ஒன்றரை மணி நேரம், பின்வாங்கும் வெண்சுண்ணப் பாறைகளையும், நீரிணையின் நெடுக்கே இருவழிப் பாதையாக ஒழுங்கு செய்யப்பட்டுச் செல்லும் பெருங்கப்பல்களின் வரிசையை நம் கப்பல் குறுக்கே கடப்பதையும் பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்த ஒழுங்கு 1967-ல் ஏற்பட்டது, உலகிலேயே முதலாவது.

கலேயில் இறங்கியதும் வலப்பக்கமாக ஓட்ட வேண்டுமென்பதை எல்லோரும் நினைவில் வைப்பார்கள். நினைவில் வைக்காத ஒன்று உண்டு: இங்கிலாந்துக் கேரவனின் கதவு, அந்நாட்டு நடைபாதைப் பக்கமான இடப்புறத்தில் இருக்கிறது. பிரான்ஸில் அது வண்டிகள் விரையும் பக்கம். ஆகையால் அங்கே சாலையோரத்தில் நிறுத்திக் குழந்தைகளை இறக்காதீர்கள். இளைப்பாறுவதற்கென்று ஒதுக்கிய இடம் வரும்வரை பொறுத்திருங்கள்.